இரண்டு மாணாக்கர்கள்

உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஓர் அபாயம் உண்டு. சம்பளம் குறைவு என்பதை நாம் சொல்லவில்லை; அதைப் பற்றி வேண்டிய மட்டும் பலர் எழுதிவிட்டார்கள். வருஷந்தோறும் அதே பாடத்தை, அதே மாதத்தில், அதே இடத்தில் நிறுத்தி, அதே வேடிக்கையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறோம் அல்லவா? அதனால் நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் மெள்ள மெள்ள உண்டாகிவிடுகிறது. அபாயம் அதுதான். சர்வகலாசாலைப் பட்டம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. காதோரத்தில் நரை எட்டிப் பார்க்கிறது. இனிமேல் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது என்று மனம் சொல்லத் தொடங்கும் பிராயம் நாற்பது. அந்தப் பிராயத்தைக் கடந்த பிறகும் ஒருவர் தம் வாழ்நாளின் பெரிய நூலை எழுதி முடிக்காமலே இருந்தார், பிறகு எழுதி முடித்தார் என்று கேட்டால் நமக்குச் சிறிது தைரியம் பிறக்கிறது.

அவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தை இயற்றியவர். மேல்நிலை வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அந்தக் காப்பியத்தின் சில பாடல்கள் இடம் பெற்றிருக்கின்றன. இயேசுநாதரைக் கட்டி நிறுத்திப் பரிகாசம் செய்யும் கட்டம் அது. சுற்றிலும் வசைமொழி, நடுவில் ஒருவர் வாய் திறவாமல் நிற்கிறார். வகுப்பில் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது, முன் பெஞ்சில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இவர் பெருமாளை விட்டுவிட்டார் என்று சொன்னீர்களே, கம்பரை மட்டும் ஏன் விடவில்லை?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாகக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்ற பட்டப் பெயரைப் பரீக்ஷைக்காகச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். அந்தப் பட்டப் பெயருக்குள் ஒரு வாழ்க்கையின் வேதனை முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை ஒரு பெண் பிள்ளை ஒரே கேள்வியில் எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

கிருஷ்ண பிள்ளை 1827ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 23ஆம் தேதி, திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்னும் ஊரில், வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கம்ப ராமாயணத்தில் தோய்ந்தவர். அந்த வீட்டில் கம்பன் ஒரு புத்தகம் அன்று. பூஜையின் ஓர் அங்கம். பிள்ளை இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பாடம் கேட்டார். 1853இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கலாசாலைக்குத் தமிழ்ப் பண்டிதர் தேவைப்பட்டபோது, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பின்னால் 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல் இவரைப் பரீக்ஷித்துத் தேர்ந்தெடுத்தார். அப்போது இவருக்கு இருபத்தாறு வயது. நெற்றியில் திருமண்ணும், உள்ளே கிறிஸ்து மதத்தின் மேல் அசல் வெறுப்புமாக, கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு நன்னூல் சொல்லிக் கொடுக்கப் போனார். சம்பளத்துக்கும் சித்தாந்தத்துக்கும் நடுவே இப்படி ஒரு சமரசம் செய்துகொள்ளாத உபாத்தியாயர் எந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்?

சாயர்புரத்தில் அவர் சொல்லிக் கொடுத்தது தமிழ். கற்றுக்கொண்டது வேறு. எதிர்த்துப் பேசுவதற்காகவே ஒரு நூலை எடுத்துப் படிக்கிறவன் சில சமயம் அந்த நூலிடம் அகப்பட்டுக்கொள்வது உண்டு. நாளடைவில் அவர் மனம் திரும்பியது. 1858ஆம் வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதி, சென்னை மயிலாப்பூரில் பரிசுத்த தோமாவின் பெயர் கொண்ட பிராடெஸ்டாண்டு ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சாந்தோம் கடற்கரையில் ஓங்கி நிற்கும் கத்தோலிக்கரின் பஸிலிக்காவுடன் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அன்று வந்து சேர்ந்தது. ஆனால் கிருஷ்ணன் என்ற பெயர் போகவில்லை. கண்ணனுடைய நாமத்தைக் கடைசி வரையில் சுமந்துகொண்டே கிறிஸ்துவைப் பாடினார். இந்த ஒரு விஷயமே அந்த மாணவியின் கேள்விக்குப் பாதி விடை என்று நமக்குத் தோன்றுகிறது.

மீதிப் பாதியைச் சொல்வதற்கு முன், அவர் இழந்தது என்ன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், திருநெல்வேலிச் சீமையில், ஒரு வேளாளர் ஞானஸ்நானம் பெற்றார் என்றால், உறவினர் வீட்டுப் பந்தியில் அவருக்கு இலை இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. தெருவில் எதிரே வருகிறவர் திண்ணைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவ்வளவையும் தாங்கிக்கொண்டவருக்கு, சேர்ந்த இடத்தில் வேறொரு தொல்லை காத்திருந்தது. பழைய காவியங்கள் எல்லாம் அஞ்ஞானக் குப்பை, அவற்றைத் தள்ளிவிட வேண்டும் என்று நினைத்த பாதிரிமார் அந்த நாளில் குறைவு அல்லர். ஒரு பக்கத்தார், 'எங்களை விட்டாய், கம்பனும் உனக்கு இல்லை' என்கிறார்கள். மற்றொரு பக்கத்தார், 'எங்களிடம் வந்தாய், கம்பன் உனக்கு எதற்கு?' என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே பேச்சுதான். கல்வி என்பதை மதத்தின் வால் என்று நினைக்கும் பேச்சு. இன்றைக்கும் அது ஓய்ந்துவிடவில்லை. வகுப்பறைக்குள் கூட எட்டிப் பார்க்கிறது.

கிருஷ்ண பிள்ளை வாதம் செய்துகொண்டு உட்காரவில்லை. சென்னையில் சில காலம் பெர்சிவல் பாதிரியார் நடத்திய 'தினவர்த்தமானி' பத்திரிகையில் துணையாக இருந்து உழைத்தார். பிறகு தெற்கே திரும்பிப் போய்ப் பழையபடி உபாத்தியாயர் ஆனார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். தாமும் படித்துக்கொண்டே இருந்தார். இப்படி வருஷங்கள் கழிந்தன. ஐம்பதை ஒட்டிய பிராயத்தில், பாளையங்கோட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த 'நற்போதகம்' என்னும் மாதப் பத்திரிகையில் அந்தக் காப்பியம் தொடராக வரத் தொடங்கியது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அன்று, பதின்மூன்று வருஷம்! 1894 மே மாதத்தில் அது புத்தகமாக வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. மொத்தம் 3,766 பாடல்கள்.

தொடர்கதை எழுதுகிறவர்களின் அவஸ்தை வாரப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்ததே. அச்சுக்கூடத்துப் பையன் வாசலில் வந்து நிற்பான். வசனம் எழுதுவதற்கே இவ்வளவு பாடு என்றால், பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் தொண்டையை உலர்த்திக்கொண்ட ஒருவர், மாதந்தோறும் எதுகையும் மோனையும் பிசகாத விருத்தங்களை வடித்துக் கொடுப்பது சாமான்யமா? வெறும் புலமை இதைச் செய்யாது என்பது நம் அபிப்பிராயம். புலமை மட்டும் இருந்தால் ஓர் அந்தாதி, ஒரு கலம்பகம், நாலு சிறப்புப் பாயிரம் என்று முடிந்துவிடும். அந்தக் காலத்து வித்வான்கள் பலருக்கு அப்படித்தான் முடிந்தது. இவருக்கோ சொல்லியே தீர வேண்டிய ஒரு செய்தி இருந்தது. 1858க்கு முன்னால் அவரிடம் மொழி இருந்தது, பாரம் இல்லை. அதற்குப் பின்னால் பாரம் வந்தது. இருபது வருஷம் அதைச் சுமந்துகொண்டே படித்த பிறகுதான் இறக்கி வைக்க இடம் கிடைத்தது.

பாரம் என்று சொன்னதும் அவருடைய மூல நூலின் நினைவு வருகிறது. ஆங்கில தேசத்து ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவியதுதான் இரட்சணிய யாத்திரிகம். கதாநாயகன் முதுகில் ஒரு பெரிய மூட்டையுடன் நாசபுரியை விட்டுப் புறப்படுகிறான். சிலுவையின் அடியில் அந்த மூட்டை அவிழ்ந்து உருண்டு போகிறது. பனியன் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துப் பிழைத்த ஏழைத் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரும் அல்லர். அநுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இல் பெட்போர்டு ஊரில் அவரைச் சிறையில் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் உள்ளே வைத்திருந்தார்கள். சிறையில் பேனா பிடிப்பது நம் தேசத்தாருக்கும் பழக்கமான வித்தையே. மாண்டலேயில் திலகர் கீதா ரகஸ்யம் எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலேயே பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைக்குள் இருந்துகொண்டு ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார்.

வேடிக்கை எங்கே என்றால், அதிகம் படிக்காத ஒருவர் எழுதிய நூலைத் தமிழில் மகா வித்வான் ஒருவர் எடுத்துக்கொண்டார். பனியனுக்குத் தெரிந்தது வேத புத்தகமும் கடைத்தெருப் பேச்சும். அவருடைய நடையில் சந்தையின் இரைச்சல் காதில் விழும். கிருஷ்ண பிள்ளையோ அதைப் பருவமாகவும் படலமாகவும் வகுத்து, தண்டியலங்காரம் சொல்லும் காப்பிய லக்ஷணங்களுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். இதனால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நஷ்டத்தை மறைப்பதில் பயன் இல்லை: பனியனின் சந்தைப் பேச்சு விருத்தத்துக்குள் அடங்கவில்லை. சமய சித்தாந்தத்தை விரிக்கும் இடங்களில் பாட்டு கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. கதையை மட்டும் வேண்டுகிறவர்களுக்கு, இவருக்கு முன்னமே தமிழ் வசனத்தில் வந்துவிட்ட மொழிபெயர்ப்பே போதும்.

லாபம் எங்கே? பனியனில் இல்லாத இடத்தில்தான். பனியன் இயேசுநாதரின் சரித்திரத்தைத் தனியாகச் சொல்லவில்லை. அவருடைய வாசகர்களுக்கு அது தெரிந்த கதை. கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் அந்தச் சரித்திரத்தை விரித்துப் பாடினார். பாடநூலில் வந்திருக்கும் பகுதி அந்தப் பருவத்தைச் சேர்ந்ததே. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், சிலுவையைச் சுமந்து போகிறவருக்குப் பின்னால் எருசலேம் நகரத்துப் பெண்கள் அழுதுகொண்டு போகிறார்கள். இரண்டே வாக்கியங்களில் வரும் செய்தி. இதைக் கரையிருப்பில் வளர்ந்த ஒருவர் படித்தால் அவருக்கு எந்த நகரம் ஞாபகம் வரும்? இராமன் காட்டுக்குப் போன நாளில் ஆணும் பெண்ணும், கிளியும் பூவையும், தொட்டில் குழந்தையும் அழுத அயோத்தி நகரம் அல்லவா? குற்றமற்ற ஒருவன் தண்டனையை முகம் வாடாமல் ஏற்றுக்கொள்வதைக் கண்டு ஒரு நகரமே அழுவது எப்படி என்பதை அவருக்குக் கம்பன் குழந்தைப் பிராயத்திலேயே கற்றுக் கொடுத்துவிட்டான். கல்வாரி மலையின் அடியில் நின்று அழ வேண்டி வந்தபோது அவரிடம் இருந்தவை அந்தக் கண்ணீர்த் துளிகள்தாம். வேறு கண்ணீருக்கு அவர் எங்கே போவார்?

காப்பியத்தின் நடுவே நூற்று நாற்பத்துநான்கு தேவாரப் பாடல்களும் வருகின்றன. ஆம், தேவாரம் என்றே பெயர். காப்பியத்தில் எது மிகவும் சிறந்தது என்று யாராவது கேட்டால், கதையை நிறுத்திவிட்டு இந்த மனிதர் தம் தெய்வத்துடன் தனியே பேசும் அந்தப் பாடல்கள்தாம் என்று தயங்காமல் சொல்வோம். வைஷ்ணவராய்ப் பிறந்து, கிறிஸ்தவராய் வாழ்ந்து, சைவ நாயன்மார் வகுத்த பாட்டு முறையில் உருகியிருக்கிறார். தமிழ் நாட்டு பக்திக்கு ஒரே ஊற்றுக்கண் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாம் வசிக்கும் அசோக் நகர், 1960களில் உருவான பேட்டை. நாலு சிங்கம் தாங்கிய தூண் ஒன்று சாலைகள் கூடும் இடத்தில் நிற்கிறது. பஸ் கண்டக்டர்கள் "அசோக் பில்லர்!" என்று கூவும்போது மௌரிய சக்கரவர்த்தியை யாரும் நினைப்பதில்லை. கிர்நார் முதலிய இடங்களில் உள்ள அவருடைய பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்த்தோம். தன் மதத்தைப் புகழ்வதற்காகப் பிறர் மதத்தை இகழ்கிறவன் தன் மதத்துக்கே கேடு செய்கிறான் என்ற கருத்து அதில் இருப்பது பலரும் அறிந்ததே. அதிகம் கவனிக்கப்படாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. எல்லாச் சமயத்தாரும் 'பஹுச்ருதர்'களாக, அதாவது நிறையக் கேட்டுக் கற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது அரசரின் ஆசை. வெறுமனே சண்டை போடாமல் இருந்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. ஒருவர் தர்மத்தை ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக் கற்க வேண்டும் என்கிறார். திருவள்ளுவரும் கல்விக்குப் பக்கத்தில் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்திருக்கிறார்.

மாணவிக்கு நாம் சொன்ன பதில் இவ்வளவு நீளம் இல்லை. "மதத்தை மாற்றிக்கொள்ளலாம் அம்மா, அழக் கற்ற மொழியை மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டோம். அவள் விடவில்லை. "அப்படியானால் இதற்கு எதிர்மாறாகவும் யாராவது செய்திருக்கிறார்களா, ஐயா?" என்றாள். நல்ல வேளை, மணி அடிப்பதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

எதிர்மாறாகச் செய்தவரும் அதே சாயர்புரத்தில் இருந்தவரே. நம்மவர் போப்பையர் என்று அழைத்த ஜி. யு. போப், 1840களில் அங்கே கலாசாலை நடத்தியவர். கிருஷ்ண பிள்ளை 1853இல் போய்ச் சேர்ந்தபோது போப்பையர் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். ஒரே ஊரின் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த இந்த இருவரில், வைஷ்ணவர் வீட்டுப் பிள்ளை ஆங்கிலக் கிறிஸ்தவனின் நூலைத் தமிழ்க் காவியமாக்கினார். ஆங்கிலப் பாதிரியாரோ மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆங்கிலமாக்கினார். இருவரும் தத்தம் விசுவாசத்திலிருந்து ஓர் அங்குலமும் நகரவில்லை.

போப்பையர் தமிழில் முதல் பாடம் கேட்டது 1837இல், பதினேழு வயதில், இங்கிலாந்தில். 1839இல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார். இராமாநுஜக் கவிராயரிடம் பாடம் கேட்டார். ஊட்டியிலும் பங்களூரிலும் பள்ளிக்கூடம் நடத்தினார். பிரம்பை எடுக்கத் தயங்காத ஹெட்மாஸ்டர் என்று பெயர். (இந்த ஒரு குணத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை.) கடைசியில் சீமைக்குத் திரும்பி, ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் போதித்தார். திருக்குறளின் மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது. நாலடியார் 1893இல் வந்தது. மற்றவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு தோட்டத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடும் பிராயம் அது.

திருவாசகத்தின் முகவுரையில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு நாள் மாலை, பிரார்த்தனை முடிந்த பின், பேலியல் கல்லூரியின் தலைவர் ஜோவெட்டுடன் நிலா வெளிச்சத்தில் உலாவிக்கொண்டிருந்தார். பேச்சு தமிழ்க் கவிதையைப் பற்றித் திரும்பியது. இதையெல்லாம் அச்சிட வேண்டும் என்றார் ஜோவெட். தமக்குச் சாகாவரம் ஒன்றும் கிடைக்கவில்லையே, வேலையோ நெடுங்காலம் பிடிக்குமே என்றார் போப்பையர். ஜோவெட் அவர் தோளின் மேல் கையை வைத்து, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் உயிர் வாழ்வதற்கு வழி, முடிக்கும் வரையில் நீர் இருப்பீர் என்றாராம். ஜோவெட் 1893இல் காலமானார். போப்பையர் முடித்துவிட்டு, முகவுரையின் கீழே தேதியைப் போட்டார்: 1900 ஏப்ரல் 24. அவருடைய எண்பதாவது பிறந்த நாள். தமிழில் முதல் பாடம் கேட்டு அறுபத்துமூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்தத் தேதிக்குச் சரியாக எண்பது நாள் முன்பு, பிப்ரவரி 3ஆம் தேதி, கிருஷ்ண பிள்ளை காலமாகிவிட்டார். அவரும் கடைசி வரையில் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1898இல் கூட 'இரட்சணிய சமய நிர்ணயம்' என்ற வசன நூலை எழுதி வெளியிட்டிருந்தார். மெரீனா கடற்கரையில் 1968ஆம் வருஷத்து உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுத்திய சிலைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தால், இவருக்குக் காவியம் கற்றுக் கொடுத்த கம்பன் நிற்கிறான். இவரை உத்தியோகத்தில் அமர்த்திய கால்டுவெல் நிற்கிறார். இவருக்கு முன்பு சாயர்புரத்தில் இருந்த போப்பையர் நிற்கிறார். இவர் இல்லை. மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்ற கவிஞருக்கு அங்கே ஓரடி மணல் கிடைக்காமல் போனது நமக்குக் குறையாகவே படுகிறது.

போப்பையரைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்பார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் 1908இல் காலமாகி அடக்கமான ஆக்ஸ்போர்டு கல்லறையில் இருக்கும் எழுத்து அது அன்று. தென்னிந்தியாவுக்கு உரியவர், சர்வகலாசாலையில் தமிழும் தெலுங்கும் போதித்தவர் என்பவை போன்ற விவரங்கள் அந்தக் கல்லில் இருக்கின்றன. கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் உழைத்த உழைப்பைப் பாராட்டி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து கல்லை நாட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறது.

கதையைவிட இந்தக் கல்லே நமக்குப் பிடித்திருக்கிறது. மாணவன் என்று அவரே தம்மைச் சொல்லிக்கொண்டதாக ஒரு கதை நிலவுவது பெரிதன்று. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் புதைக்கப்பட்ட ஒரு பாதிரியாருக்காக, நம் ஊர்க்காரர்கள் பையில் கை விட்டிருக்கிறார்கள். கல்லின் மேல் இருப்பது ஆங்கில எழுத்து. அதற்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு தமிழ்க் காசு.